பிட்டரின் கை

பிரிக்பீல்ட்ஸில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மோட்டார் பட்டறை வைத்திருந்த அவர் எங்களுக்குப் பிட்டர். சின்னவர்களுக்குப் பிட்டர் அண்ணே. சாலாக் செலாத்தானில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த சீன முதலாளியான தவுக்கேக்கு அந்த 'ட்' வாயில் நிற்காது. 'பித்தர், பித்தர்' என்று பாசாரே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிடுவார். தமிழில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்பது தவுக்கேக்குத் தெரியாது. தெரிந்த எங்களுக்கும் அது அப்படியொன்றும் தப்பாகப் படவில்லை.

ஏனென்றால் மனிதர் ஒரு விஷயத்தில் கொஞ்சம் பித்தர்தான். அவர் கை பட்ட வண்டிக்கு எது நேர்ந்தாலும், யாரும் கேட்பதற்கு முன்னால், "நான்தாங்க, என் தப்புத்தான்" என்று சொல்லிவிடுவார். ஒரு வக்கீலின் வண்டிக்குப் பிரேக் சரிசெய்து கொடுத்திருந்தார். மூன்று நாள் கழித்துச் செராஸ் பக்கம் அந்த வண்டியின் டயரில் ஆணி ஏறிவிட்டது. கேள்விப்பட்டதும் பிட்டர் வக்கீலின் டிரைவரைத் தேடிக்கொண்டு போய், வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"சக்கரத்தைக் கழட்டினப்ப டயரைத் தடவிப் பார்த்திருக்கணும். விட்டுட்டேன்."

"ஆணி நேத்துதான்ணே ஏறிச்சு."

"இருந்தாலும் பார்த்திருக்கணும்."

டிரைவர் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தான். ஆனால் எல்லா நேரமும் சிரிக்கும்படி இருக்காது. ஒரு நாள் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர், தவுக்கேயின் லோரி கடந்து போகும் சத்தத்தைக் கேட்டு, மீனைப் போட்டது போட்டபடி அதன் பின்னால் ஓடினார். லோரியை மறித்து, தான் போன வாரம் போட்ட வால்வு ஒன்று சரியாக உட்காரவில்லை என்றார். டிரைவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தவுக்கேக்கும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் பிட்டர் சொன்னது சரி. இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் வால்வு உடைந்திருக்குமாம். அன்றிலிருந்து தவுக்கே தன் லோரிகளை வேறு யாரையும் தொடவிட்டதில்லை.

வேலை செய்யும்போது பேசமாட்டார். வாயில் வெற்றிலை இருக்கும், அதையும் மெல்லமாட்டார். வேலை முடிந்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தான் முடுக்கிய ஒவ்வொரு நட்டையும் விரல் நுனியால் ஒரு தடவை தொட்டுக்கொண்டே போவார். ஒரே ஒரு தடவை. பிறகு கண்ணைத் திறந்து, "கை சொல்லிடுச்சு, எடுத்துட்டுப் போங்க" என்பார். வண்டி கிளம்பியதும் சத்தம் தேய்ந்து மறையும்வரை ரோட்டிலேயே நிற்பார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சோற்றுக் கையோடு நிற்பார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. குற்றம் என்பது எங்களுக்கு ஒரு காகிதம். காலையில் நம் மேசைக்கு வந்தால் சாயந்தரம் ஆபீஸ் மூடுவதற்குள் அது வேறொருவர் மேசையில் இருக்க வேண்டும். என் சர்வீஸில் அப்படி ஒரு காகிதம்கூட என் மேசையில் ராத்தங்கியதில்லை. பிட்டரைப் பார்க்கும்போதெல்லாம், இப்படி ஒரு ஆள் நம் ஆபீசில் இருந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ரப்பர் விலை விழுந்து, வெள்ளைக்காரத் துரைமார்கள் பலர் கப்பலேறிச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்படிப் போன ஒரு துரையிடமிருந்து என் கைக்கு ஒரு மோட்டார் கார் வந்து சேர்ந்தது. கறுப்பு நிறம், துணிக் கூரை, நான்கு பேர் உட்காரலாம். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது என் மனைவி சுற்றி வந்து பார்த்தாள்.

"ஆபீஸ் நடந்து போற தூரம். கோயில் அதைவிடக் கிட்ட. இதுல ஏறி எங்க போறது?"

 காரோடு கூடவே இங்கிலீஷில் ஒரு புத்தகம் வந்திருந்தது. காரை எப்படிப் பராமரிப்பது என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். அதை இரண்டு தடவை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். அதன் பிறகு மோட்டார் சம்பந்தமாக யார் எது பேசினாலும், "புத்தகத்தில் அப்படி இல்லை" என்று சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டது. பிட்டருக்கோ எழுத்து தெரியாது. தோட்டத்துத் தண்ணீர் பம்பு எஞ்சினில் ஆரம்பித்துக் கண்ணாலும் கையாலும் கற்றவர்.

காரில் ஏறிப் போவதற்கு ஓர் இடம் கடைசியில் கிடைத்தது. என் மனைவியின் தம்பிக்குக் கிள்ளானில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவருக்குக் கடிதம் போட்டேன். 'ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மோட்டாரில் வருகிறோம்.' 'எங்கள்' என்ற வார்த்தையை அடித்துவிட்டு 'எனது' என்று எழுதி, பிறகு அடித்தல் தெரியக்கூடாது என்று புதுக் காகிதத்தில் முழுக்கடிதத்தையும் திரும்ப எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காரைப் பிட்டரிடம் விட்டேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும், பிளக்குகளைத் துடைக்க வேண்டும், ரேடியேட்டர் தண்ணீரை மாற்ற வேண்டும். நான் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, புத்தகத்தை உரக்கப் படித்துத் தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்ததும் அவர், "புத்தகம் போட்டவரு வேலை தெரிஞ்சவருதான்" என்றார். அதை எனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வழக்கம்போல் கண்ணை மூடித் தொட்டுப் பார்த்தார். "கை சொல்லிடுச்சு" என்றார்.

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். மோட்டாரில் குடும்பத்தோடு கிள்ளான் போகிறவனை எங்கள் வீட்டு வரிசையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. 'தூரப் பயணத்துக்கு முன் எண்ணெயைச் சோதிக்கவும்' என்று புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. வெறுமனே ஏறி உட்கார்ந்து போய்விட்டால் இவ்வளவு பேர் வந்து நின்றதற்கு என்ன பலன்? புத்தகத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் போனேன். எண்ணெயைச் சோதித்தேன். திருப்தியோடு வெளியே வந்தேன். "சட்டை! சட்டை!" என்று என் மனைவி கத்தினாள். உள்ளே போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து கிளம்பினேன்.

பெட்டாலிங் தாண்டும்வரை ராஜபவனி. அதற்கப்புறம் எங்கோ அடியில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. பின்னால் பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மைத்துனன், "மாமா, ஏதோ தட்டுது" என்றான்.

"புது எண்ணெய் ஊத்தினா முதல்ல அப்படித்தான் தட்டும். புத்தகத்துல போட்டிருக்கு."

புத்தகத்தில் அப்படி எதுவும் போடவில்லை. அதோடு விட்டேனா? சத்தம் கேட்கக்கூடாது என்று இன்னும் வேகமாக ஓட்டினேன். பத்து தீகாவுக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் ரப்பர் மரமாக இருந்த இடத்தில், இரும்பை இரும்பால் கிழிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. கார் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. எஞ்சின் மூடிக்கு அடியிலிருந்து புகை வந்தது. இறங்கி முன்னால் போய் ஹாண்டிலைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் அடித்த ஆணிபோல் அசைய மறுத்தது.

ஒரு மணி நேரம் கழித்து, கிள்ளானுக்கு ரப்பர் ஷீட் ஏற்றிப் போன ஒரு லோரி எங்களுக்காக நின்றது. என் மனைவி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழத்தட்டை மடியில் வைத்த மாப்பிள்ளையும் நானும் பின்னால், புகை போட்ட ரப்பர் ஷீட்டுகளின் மேல். அந்த வாடை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண் வீட்டு வாசலில் நாங்கள் குதித்து இறங்கியபோது, அங்கே கூடியிருந்தவர்கள் மூக்கைப் பொத்தாமல் இருந்தது அவர்களுடைய நல்ல குணம்.

பெண்ணின் அப்பா லோரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மோட்டார்ல வர்றதா கடுதாசி போட்டிருந்தீங்களே?"

"மோட்டார்தாங்க. எங்க ஊர்ல பிட்டர்னு ஒருத்தன். முந்தாநாள்தான் வேலை செஞ்சு குடுத்தான். எஞ்சினையே தீர்த்துட்டான்."

அதுவரை நான் அவரை 'அவன்' என்று சொன்னதில்லை. வாய் கூசாமல் வந்தது.

சம்பந்தம் கூடி வந்தது. அதற்கு நான் காரணமில்லை. கரிந்த வாடையோடு நின்ற மாப்பிள்ளை, அத்தனை குலுங்கலிலும் ஒரு வாழைப்பழம்கூட நசுங்காமல் தட்டைக் கொண்டுவந்திருந்ததைப் பெண் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாளாம். இப்படிப்பட்ட ஆள் போதும் என்றாளாம்.

அன்று ரயிலில் திரும்பினோம். மறுநாள் காலை பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பிட்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பட்டறையைச் சாத்தினார். தவுக்கேயிடம் லோரி கேட்டு வாங்கினார். இரண்டு பேரும் பத்து தீகா போய்ச் சேர்ந்தோம். அவர் காருக்கு அடியில் போனார். நான் நிழலில் நின்றேன். ரொம்ப நேரம் அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எண்ணெய் ஒரு சொட்டு இல்ல. அளவு பார்க்குற சின்னக் குழாய் பாதி திறந்து கிடக்கு. ஓட ஓட எல்லாம் ஒழுகியிருக்கு."

குழாய் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் மனதுக்குள் ஒரு சந்தேகம் பல்லிபோல் ஓடியது. எனக்கு ஒன்றுமே தெரியாது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஓடியது. நான் அதை அந்தப் பக்கம் விரட்டிவிட்டு, மாஜிஸ்திரேட் மாதிரி குரலை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"யாரு திறந்தா?"

பிட்டர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூடினேன். மூடினதா கைக்கு ஞாபகம் இருக்கு." பிறகு, "இல்ல, நான்தான் மூடாம விட்டிருக்கேன். என் தப்பு, கிராணியாரே" என்றார்.

ஆபீசில் ஒரு காகிதத்தை நகர்த்த எவ்வளவு பாடுபட வேண்டும்! இங்கே அது தானாகவே எழுந்து நடந்து போய் அவர் மேசையில் உட்கார்ந்துகொண்டது.

பதினொரு நாள் அந்த எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டு வேலை செய்தார். பேரிங்குகள் உருகிப் போயிருந்தன. புதிதாக வார்த்து, சுரண்டி, பொருத்திப் பார்த்து, மறுபடி சுரண்டினார். கூலி வேண்டாம் என்றார். நான் அவரை மன்னித்தேன். இதை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது. ஆனால் நடந்தது அதுதான். அவர் தோளில் தட்டி, "பரவாயில்லை பிட்டர், மனுஷன்னா தவறுறதுதான்" என்று சொன்னேன்.

மன்னித்த கதையை வெளியே சொல்லாமல் இருக்க முடியுமா? வாசகசாலையில் சொன்னேன். முடிவெட்டுகிற கடையில் சொன்னேன். கோயில் கமிட்டியில் பூசை நேரம் தள்ளிப்போகும் அளவுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்லப் புகை தீயாயிற்று. ரப்பர்த் தோட்டம் காடாயிற்று. கடைசியாகச் சொன்ன தடவையில் புலி உறுமலும் கேட்டதாக ஞாபகம்.

கார் திரும்பி வந்த மறுநாளிலிருந்து, விடிந்ததும் வாசலில் யாரோ நடமாடும் சத்தம் கேட்கும். பிட்டர். பட்டறைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து, காருக்கு அடியில் கைவிட்டு அந்தக் குழாய் மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். என் மனைவி அவருக்குக் காப்பி கொடுப்பாள். நான் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, 'தவறைத் திருத்திக்கொள்ளத் தெரிந்த மனிதர்' என்று நினைத்தபடி மறுபடி படுத்துக்கொள்வேன்.

அவர் போனது எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல. கைவைத்த வண்டிகள் இருந்த வீடுகளுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். பட்டறையில் ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆயிற்று. முடுக்கிய நட்டைக் கழற்றி மறுபடி முடுக்குவார். கண்ணை மூடித் தொட்டுப் பார்ப்பார், திறப்பார், மறுபடி மூடுவார். 'கை சொல்லிடுச்சு' என்று அவர் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிற டிரெஸர் ஒருவர் தன் வண்டியைக் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். வக்கீலின் டிரைவரும் போனான். என் புலிக் கதையைக் கேட்ட மற்றவர்கள் வரவேயில்லை. ஒரு நாள் தவுக்கே என்னை ரோட்டில் நிறுத்தி, பித்தருக்குப் பயம் பிடித்துவிட்டது என்று மலாயில் சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

கிள்ளான் போய் வந்து ஆறு வாரம் ஆகியிருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்குக் காலையில காருக்கு அடியில போனீங்களே, என்ன பண்ணினீங்க?"

"பார்த்தேன்."

"கண்ணால பார்த்தா முழங்கை வரைக்கும் எண்ணெய் ஆகுமா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அந்தச் சட்டையைச் சோடாவுல மூணு நாள் ஊறப்போட்டு வெளுத்தவ நான். இன்னிக்குப் பிட்டர் அண்ணனைக் கேட்டேன், அந்தக் குழாய் எங்க இருக்குன்னு. கையை உள்ள விட்டுக் காட்டினார். வெளிய எடுத்தப்ப அவர் கையில அதே இடத்துல எண்ணெய்."

"நான் திறந்து பார்த்துட்டு மூடிட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் திறந்ததை ஒப்புக்கொண்டுவிட்டேன் என்பது உறைத்தது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவர் பட்டறையை மூடப் போறாராம். கேரி தீவுல அவங்க ஒன்னுவிட்ட அண்ணன் தோட்டத்துக் கூலியாளுங்களுக்கு மண்டோரா இருக்காராம். அங்க போய்ப் புல் வெட்டுறேன்னு சொன்னார். 'கையை நம்பிச் செய்யுற வேலை இனிமே எனக்கு வேணாம்மா'ன்னு சொல்லிட்டுக் காப்பியைக் குடிக்காமலே போயிட்டார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கை கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் சோதிக்கிற பக்கத்தில், கீழ்க் குழாயைத் திறக்கவும், எண்ணெய் வருகிறதா என்று பார்க்கவும், பிறகு இறுக மூடவும் என்று மூன்று வரி. மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் கறுப்பாக, ரேகை ரேகையாக, என் கட்டை விரல் பதிந்திருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் பார்க்கிறார்களா என்று பார்ப்பதிலேயே குறியாக இருந்தவன், குழாயைப் பாதி திருப்பிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்த இங்கிலீஷ் புத்தகத்தில் கடைசியில் நான் வைத்தது கைநாட்டுத்தான்.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பட்டறைக்குப் போனேன். பிட்டர் நிமிர்ந்து, "வண்டியில ஏதாச்சும் கோளாறா?" என்று பயத்தோடு கேட்டார். "ஹார்ன் சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றேன். ஹார்னைச் சரிபண்ணிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். பிளக்கைத் துடைக்கச் சொன்னேன். நல்ல பிளக்கை அவர் மூன்று தடவை கழற்றி மாட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றது, நான் செய்ததைவிடப் பெரிய பாவம்.

மூன்றாவது தடவை எழுதியே எடுத்துக்கொண்டு போனேன். ஆபீசில் உட்கார்ந்து நாலு வரைவு போட்டது. 'மேற்படி குழாய் பயணத்துக்கு முன்னர் சோதிக்கப்பட்டபோது முழுமையாக மூடப்படாமல் விடப்பட்டிருக்கலாம் என்று தெரிய வருகிறது.' யார் சோதித்தது, யார் விட்டது என்று துப்பறிவாளன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பட்டறை வாசல்வரை போன பிறகுதான் அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். திரும்பி வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் ஆபீஸ் முடிந்து வரும்போது, பட்டறை முன்னால் தவுக்கேயின் லோரி நின்றது. பிட்டர் தன் சாமான்களை எண்ணெய்த் துணியில் சுற்றிச் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை கேரி தீவுக்குக் கிளம்புகிறார் என்றார் தவுக்கே. இனி வேறொரு நாள் வந்து பிளக் துடைக்கச் சொல்ல முடியாது.

"பிட்டர், அந்தக் குழாயைத் திறந்தது நான்."

"எந்தக் குழாய்?"

"என் வண்டிக் குழாய். கிள்ளான் போன அன்னிக்குக் காலையில எண்ணெய் இருக்கான்னு பார்க்கத் திறந்தேன். சரியா மூடல. நீங்க மூடித்தான் குடுத்திருக்கீங்க."

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "எண்ணெய் ஊத்திட்டேன்னு சொன்னேனே. அப்புறம் எதுக்குப் பார்த்தீங்க?"

"அக்கம்பக்கத்துல எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க" என்றேன்.

பிட்டர் என்னை உற்றுப் பார்த்தார். "வண்டியைக் கொண்டாங்க" என்றார்.

கொண்டுவந்தேன். "அன்னிக்குப் பண்ணின மாதிரி பண்ணுங்க" என்றார். தவுக்கேயும் அவருடைய டிரைவரும் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளைக் கால்சட்டையோடு அடியில் போய் மல்லாந்து படுத்தேன். பிட்டரும் இன்னொரு பக்கமாக வந்து என்னருகே படுத்தார். அந்த இடத்தில் கையை ஓங்க முடியாது என்பது எனக்கு ஓர் ஆறுதலாக இருந்தது.

குழாயைத் திறந்தேன். எண்ணெய் என் மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு ஓடியது. மூடினேன். மூடிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே கிடந்தோம். ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. பிட்டர் கையை நீட்டி அந்தத் திருகை மெல்லத் திருப்பி, கடைசியில் ஓர் அழுத்து அழுத்தினார். சொட்டு நின்றது. அவர் கையை எடுக்கவில்லை.

"ஏழு வாரம், கிராணியாரே" என்றார். "ஏழு வாரமா என் கையை நான் நம்பல. சோத்தை எடுத்து வாயில வைக்கும்போதுகூட இந்தக் கைதானேன்னு இருக்கும்."

பிறகு அவர் அழுதார். சத்தமில்லை. படுத்திருந்ததால் கண்ணீர் காது பக்கம் ஓடியது. நான் எஞ்சினின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  

வெளியே வந்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எங்கெங்க சொன்னீங்களோ அங்கெல்லாம் போய்ச் சொல்லிடுங்க. நான் கூட வரமாட்டேன். நீங்களேதான் சொல்லணும்."

சொன்னேன். முடிவெட்டுகிறவர் கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். கோயில் கமிட்டியில் தலைவர், புலியும் நான்தானா என்று கேட்டார். வாசகசாலையில், முதலில் சொன்ன கதையைவிட இது நன்றாக இருக்கிறது என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். அந்த வாரத்துக்குள் பிரிக்பீல்ட்ஸில் எனக்கு 'குழாய்க் கிராணி' என்று பெயர் விழுந்துவிட்டது. ஆபீசில் எனக்குக் கிடைத்த எந்தப் பதவி உயர்வும் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

பிட்டர் கேரி தீவுக்குப் போகவில்லை. தவுக்கே விடவில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. டிரெஸர் வந்தார், வக்கீலின் டிரைவரும் வந்தான். ஆனால் முன்பு ஒரு தடவை தொட்டுப் பார்த்தவர், அதற்குப் பிறகு இரண்டு தடவை தொட்டார். நான் அவரைப் பார்த்த கடைசி நாள்வரை அந்த இரண்டாவது தடவை போகவில்லை. மற்றவர்கள் அதைக் கவனித்தார்களோ என்னவோ, நான் ஒவ்வொரு தடவையும் கவனித்தேன்.

மைத்துனனுக்கு ஆவணியில் கிள்ளானில் கல்யாணம் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் என் காரில்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு வர வேண்டும் என்று ஏற்பாடு. ஓட்டப் போவது நான் இல்லை என்பதில் வீட்டில் யாருக்கும் இரண்டாவது கருத்து இருக்கவில்லை. பிட்டர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து ஓட்டினார்.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, மணமக்கள் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வாசல் நிறையக் கூட்டம். சம்பந்தி வழியனுப்ப வந்தவர், ஸ்டியரிங்கில் இருந்த கைகளையும் நகக் கண்ணில் கறுத்திருந்த எண்ணெயையும் பார்த்தார்.

"ஓகோ, நீங்கதான் அந்தப் பிட்டரா? அன்னிக்கு எஞ்சினைத் தீர்த்துட்டீங்கன்னு இவரு சொன்னாரே!"

பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் திருத்திச் சொன்னவன், முதன்முதலில் சொன்ன இடத்தை மறந்துபோயிருந்தேன். வழக்கமான பிட்டராக இருந்தால் அந்தக் கேள்வி முடிவதற்குள் 'ஆமாங்க, என் தப்புத்தான்' என்று சொல்லியிருப்பார். அன்று அவர் வாயைத் திறக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. என் பக்கத்தில் நின்ற மனைவிக்கும் புரிந்தது. அவள் என் முழங்கையில் லேசாக இடித்தாள்.

"இல்லீங்க சம்பந்தி" என்றேன். "எஞ்சினைத் தீர்த்தது நான். அதைச் சரிபண்ணினவர் இவரு."

"நீங்களா? அன்னிக்கு வேற மாதிரி…"

"அன்னிக்குச் சொன்னது தப்பு. இவரு மேல ஒரு குறையும் இல்ல."

சம்பந்தியின் புருவம் ஏறியது. காருக்குள் புதுப்பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குப் பின்னால் யாரோ, எப்படி, எப்படி என்று கேட்டார்கள். சம்பந்தி என்னை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்து ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.

பிட்டர் இறங்கி முன்னால் போய் ஹாண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து உட்கார்ந்தவர், தேவையே இல்லாமல் அதை இன்னும் கொஞ்சம் முடுக்கிவிட்டார். அந்தச் சத்தத்தில் சம்பந்தி கேட்டது எனக்குக் காதில் விழவில்லை. "நேரமாச்சு, ஏறுங்க கிராணியாரே!" என்று பிட்டர் கத்தியது மட்டும் நன்றாகக் கேட்டது.